சட்டிக்குள் பாடிய ஒத்திலியா

என் மனைவி நாகலெட்சுமிக்குக் குரல் பெரிது என்று நான் சொன்னால், பயந்துபோய்ப் பாதியை மறைக்கிறேன் என்று எங்கள் தோட்டத்தில் சிரிப்பார்கள். கினிகத்தேனையிலிருந்து மேலே ஏறும் அந்தத் தோட்டத்தில் அவள் கங்காணி. முப்பது பெண்கள் கொழுந்து பறிக்கிற மலையில், மேல் பாதையில் நின்றுகொண்டு "நிறுக்க வாங்கடி" என்று ஒரு குரல் கொடுப்பாள். கீழே ஆற்றோரத்து நிரையில் நிற்கிறவள்கூடக் கூடையை முதுகில் ஏற்றிவிடுவாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் குளவி கிளம்பியபோது, பனிமூட்டத்தில் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இவள் போட்ட சத்தத்தில் முப்பது பேரும் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குப்புற விழுந்தார்கள். ஒரே ஒருத்திக்குக் கன்னத்தில் கொட்டியதோடு போயிற்று.

நான் சோலைமலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே ரோலர் மெஷின் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷமாக நிற்கிறேன். அந்த மெஷின் எனக்குச் சோறு போட்டது, காதை எடுத்துக்கொண்டது. யாராவது மெல்லப் பேசினால் உதடு அசைவது தெரியும், அவ்வளவுதான். தலையாட்டியும், சிரித்தும், "அதுவும் சரிதான்" என்றும் சமாளித்து வந்தேன். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ரோலரிலிருந்து எடுத்துக் குப்பை கூட்ட விடுவார்கள் என்ற பயம் ஒன்று. பெரிய பயம் பட்டப்பெயர். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டால் அது அவனுடைய மரண அறிவித்தல் வரைக்கும் கூடவே வரும். செவிட்டுச் சோலை என்று ஒரு நோட்டீஸில் அச்சாகிக் கிடக்க எனக்கு இஷ்டமில்லை.

வீட்டில் மட்டும் ஒரு தொந்தரவும் இல்லை. நாகு பேசுவதெல்லாம் நன்றாகக் கேட்கும். மகள் நிலக்ஷியும் தாயைப் போலவேதான், நேரே முகத்துக்கு முன்னால் வந்து நின்று முழங்குவாள். கத்துகிற வம்சம் என்று இரண்டு பேரையும் கேலி செய்வேன். அவர்களும் சிரிப்பார்கள்.

போன தீபாவளி கழிந்த பிறகு நாகுவின் கழுத்தில் கட்டி ஒன்று தெரிந்தது. கண்டியில் ஆஸ்பத்திரியில் காட்டினோம். சிங்கள டாக்டரம்மா, நல்ல மனுஷி. தைராய்டு, வெட்டி எடுக்கத்தான் வேண்டும், விட்டால் மூச்சுக்குழாயை நெருக்கும் என்று படம் வரைந்து காட்டினார். குரலுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டியே ஓடுகிறதாம். கவனமாகத்தான் செய்வோம், ஆனாலும் குரல் மாறலாம், அபூர்வமாக யாருக்காவது போகவும் போகலாம் என்றார். "பய வென்ன எப்பா" என்று மூன்று தடவை சொன்னார். பயப்படாதே என்று மூன்று தடவை சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது?

முதல் தேதி கொடுத்தார்கள், மாரியம்மன் கோயில் திருவிழா என்றாள். இரண்டாவது தேதிக்குப் புறப்பட்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தவள், பையோடு திரும்பி நடந்துவிட்டாள். குளவிக்குப் பயப்படாதவள், சிறுத்தை வந்த மலையில் மறுநாளே போய் நின்றவள், இதற்கு இப்படி நடுங்கினாள். மலையில் சத்தம் போடுகிற உத்தியோகம் போய்விடும் என்று பயப்படுகிறாள் என நான் நினைத்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உயிருக்கு மேலே என்ன உத்தியோகம்?

பொங்கலுக்கு லீவில் வந்தபோதுதான் நிலக்ஷி அந்த வீடியோவைக் கொண்டுவந்தாள். அவள் கொழும்பில் ஒரு சுற்றுலாக் கம்பனியில் வெள்ளைக்காரர்களுக்குப் போனில் பதில் சொல்கிற வேலை பார்க்கிறாள். ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. அம்மாவின் கட்டியைப் பற்றி நெட்டில் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தவளுக்கு, ஐம்பது வருஷத்துக்கு முந்தின ஒரு டிவி பேட்டி அகப்பட்டிருக்கிறது. பாட்டுக்காரி ஒருத்தியின் பேட்டி. பெயர் ஒத்திலியா என்னவோ. மீதிப் பெயர் என் வாயில் நுழையவில்லை.

"ஓப்ரா பாடுறவங்கம்மா. மைக்கே கெடையாது. ஆயிரம் பேரு இருக்குற மண்டபத்துல கடைசி வரிசைக்கும் கேக்குற மாதிரி பாடி நடிக்கணும். நம்ம கூத்து மாதிரி."

"மைக் இல்லாமயா?" என்றாள் நாகு. அவளுக்கு உடனே மரியாதை வந்துவிட்டது.

நிலக்ஷி போனை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள், வழக்கம் போல உரக்க.

படத்தில் நிறம் இருந்தது, ஆனால் பலமுறை துவைத்த சேலையின் நிறம். இரண்டு சோபா, நடுவில் ஒரு குட்டை மேசை, மேசையில் தேநீர்க் கோப்பைகள். பேட்டி எடுக்கிறவன் ஒடிசலானவன். சட்டைக் காலர் காதைத் தொடுகிறது. ஒரு கையில் சிகரெட், ஒரு கால் மேல் இன்னொரு கால். தன்னை விடக் கெட்டிக்காரன் இந்த உலகத்தில் பிறக்கவில்லை என்பது போல ஒரு சிரிப்பு. அவன் அவள் பெயரைச் சொன்னதும் திரைக்குப் பின்னாலிருந்து அவள் வருகிறாள். நல்ல ஆகிருதி. பச்சைக் கவுன். தலைமுடியைக் கொண்டையாகத் தூக்கிக் கட்டியிருக்கிறாள். கழுத்தைச் சுற்றி ஒரு பட்டுத் துணி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கூடையை இறக்கிவிட்டு உட்காருகிற நம் பெண்கள் மாதிரி, "அப்பாடா" என்று அந்தச் சோபாவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு மேசைக்கடியில் செருப்பு இரண்டையும் கழற்றித் தள்ளினாள். அந்த இடத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவன் சிகரெட்டை ஒரு இழுப்பு இழுத்து, "உங்கள் பாட்டுச் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் வீட்டை விற்றுவிட்டுப் போகிறார்களாமே?" என்று கேட்டான். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கை நீட்டி, அவன் விரலிடுக்கிலிருந்து சிகரெட்டை எடுத்து, அவனுடைய கோப்பைத் தேநீரில் நனைத்து அணைத்து, சாசரில் அழகாக வைத்துவிட்டாள். "எங்கள் தெருவில் புகை பிடிக்கிறவர்கள்தான் போயிருக்கிறார்கள்" என்றாள். கோபமே இல்லை. குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்கி வைக்கிற மாதிரி செய்தாள். அது நம்முடைய தேயிலையாக இருந்தால் என்ன செய்வது என்று எனக்கு ஒரு நிமிஷம் வருத்தம் வந்தது, ஆனாலும் கைதட்டினேன்.

பிறகு அவன் கொஞ்சம் பணிவாக, இடையில் ஒரு வருஷம் எங்கே காணாமல் போனீர்கள் என்று கேட்டான். அவள் பதில் சொல்லாமல் கழுத்துத் துணியை அவிழ்த்தாள். தொண்டைக் குழிக்கு மேலே, இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் நடுவில், கோடு போட்ட மாதிரி தழும்பு.

"கட்டி. டாக்டர்கிட்ட என் குரல் என்னாகும்னு கேட்டேன். அதுக்கு என்னால வாக்குக் குடுக்க முடியாதுன்னாரு. நாலு மாசம் சிலேட்டுல எழுதித்தான் பேசினேன். அப்பறமா ஒரு நாள் சத்தம் வந்துச்சு, ஆட்டுக்குட்டி மாதிரி. என் பழைய குரல் திரும்பி வரவே இல்ல. வேற ஒண்ணு வந்துச்சு, கீழ் சுருதியில. யாரோ புதுசா வீட்டுக்குக் குடிவந்த மாதிரி. சண்ட போட்டுப் பாத்தேன். அப்பறம் சமாதானமாயிட்டோம்." இப்படித்தான் நிலக்ஷி தமிழாக்கினாள். சொல்லும்போது அவள் அம்மாவைப் பார்க்கவில்லை.

அந்த நாலு மாசம் வீட்டில் எப்படி இருந்தது என்று அவன் கேட்டதற்கு, அவள் கூட்டத்தில் யாரையோ கைகாட்டினாள். "அவரைக் கேளுங்கள்." முதல் வரிசையில் வழுக்கைத் தலையோடு ஒரு மனுஷன், அவள் புருஷன். எழுந்து, "முதல் தடவையாக நான் பேசினேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அப்புறம் அவள் பாடினாள். வெறுங்காலோடு எழுந்தாள். மைக்கை ஒரு விரலால் தள்ளி வைத்தாள். பேட்டிக்காரனைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னாள். அவன் சோபாவின் மூலைக்குப் போனான். ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, அடியிலிருந்து ஆரம்பித்தாள். அந்தத் தழும்பு ஏறி இறங்கியது. எனக்கு எவ்வளவு கேட்டது என்று கேட்காதீர்கள். நான் கண்ணால் கேட்டேன். நெற்றி, கழுத்து, விரல், எல்லாம் பாடின. ஒரு இடத்தில் குரல் ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல், சிரித்துக்கொண்டே வேறு வழியாகப் போனாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. எதிரே அந்தக் கெட்டிக்காரன் வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தான்.

நாகு, "இன்னொரு வாட்டி போடு" என்றாள்.

நிலக்ஷி அதை அம்மாவின் போனில் ஏற்றிவிட்டுப் போனாள். அதிலிருந்து எங்கள் வீடு ஒத்திலியா வீடாகிவிட்டது. மலையிலிருந்து வந்ததும் முகம் கழுவி, விளக்கேற்றி, அடுத்து ஒத்திலியாதான். சத்தம் போதவில்லை என்று அலுமினியச் சட்டிக்குள் போனைச் சாய்த்து வைப்பாள். சட்டி அதிர அதிரப் பாட்டு வரும். "அக்கா வந்துட்டாங்க, உக்காருங்க" என்பாள் என்னிடம். சிகரெட் இடம் வரும்போது ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரிப்பாள். ஆனால் ஆஸ்பத்திரிக் கார்டை எடுத்துக் காட்டினால் முகம் திரும்பிவிடும்.

மாசி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான் அந்தக் கூத்து நடந்தது. மூன்று இரவு தொடர்ந்து ஸ்டோர் வேலை எனக்கு. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு போர்வையை முகம்வரை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டையாகக் கிடந்தேன். நாகு சட்டியை வைத்து ஒத்திலியாவைப் பாடவிட்டு, எதிரே உட்கார்ந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

எங்கள் லயத்தில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். ஒரு வீட்டில் பெண்குரல் நீட்டி அழுதால் யாரும் என்ன ஏது என்று கேட்டுவிட்டு வருவதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஓடிவருவார்கள். அப்படித்தான் அடுத்த வீட்டுக் காம்பராவிலிருந்து அம்மாக்கண்ணு அக்கா ஓடிவந்தாள். அவள் கண்டது இதைத்தான்: வீடு அதிர ஒரு ஒப்பாரி, நாகு கண்ணீரோடு, நான் முகம் மூடிப் படுத்தபடி, இத்தனை சத்தத்துக்கும் அசையாமல். அக்கா வேறு எதையும் பார்க்கவில்லை. நேரே என் காலில் விழுந்தாள்.

"என் ராசா, தூளோட தூளா ஒழைச்சு தூங்கிட்டீங்களே! கூப்புட்டாலும் கேக்காத ஊருக்குப் போயிட்டீங்களே!"

காலை யாரோ பிடித்து உலுக்கியதும் நான் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தேன். அப்போது அக்கா போட்ட அலறல், சத்தியமாக, எனக்கே கேட்டது. வாசல் நிறைய ஆட்கள். சாவு வீட்டில் தப்புப் பறை அடிக்கிற சிவசாமி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தப்பும் கையுமாக நிற்கிறான். முன்யோசனைக்காரன்.

"என்னாய்யா, உசுரோடதான் இருக்கியா?" என்றான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

விஷயம் தெரிந்ததும் லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வந்த சனம் போகவில்லை. அழ வந்தவர்கள் உட்கார்ந்து ஒத்திலியாவை மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்கள். தழும்பைப் பார்த்துப் பெண்கள் "அடி ஆத்தீ" என்று நெஞ்சில் கை வைத்தார்கள். "இந்தம்மாவுக்கு ஈடா தப்பு அடிக்கணும்னா நான் ரெண்டு நாளைக்கு முட்ட சாப்புடணும்" என்றான் சிவசாமி.

அம்மாக்கண்ணு அக்கா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

"அது கெடக்கட்டும் தம்பி, இம்புட்டு சத்தத்துல எப்புடி தூங்குனீங்க?"

நான் போர்வையை மடிக்க ஆரம்பித்தேன். அதற்குள் நாகு, "மூணு ராவா கண்ணு மூடல அக்கா. இடி விழுந்தாக்கூட எந்திரிக்க மாட்டாரு" என்று தேநீர்க் கோப்பையை அக்காவின் கையில் திணித்தாள். பேச்சு வேறு பக்கம் போயிற்று. தப்பித்தோம் சாமி என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது முறையாக மே மாசத்தில் ஒரு தேதி கொடுத்தார்கள். இனித் தவறினால் வரிசையில் கடைசிக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். அதற்குள் கட்டியும் பெருத்திருந்தது. படுத்தால் மூச்சில் ஒரு விசில் வருவதாக அவளே சொன்னாள். ஆனாலும் போகமாட்டேன் என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். என் பொறுமை போய்விட்டது.

"அந்தம்மா பாட்டையே பொழப்பா வச்சிருந்தவ. அவளே கழுத்தக் குடுத்தா. நீ கொழுந்து நிறுக்கக் கூப்புடுறவ. ஒனக்கு என்னாடி வந்துச்சு?"

சொல்லி முடித்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் வெளியே விட்டதை உள்ளே இழுக்க முடியுமா? அவள் திரும்பவில்லை. ரொட்டி தட்டுகிற கை நின்றது. தோள் லேசாக அசைந்தது. என்னவோ சொல்கிறாள் என்று தெரிந்தது.

"என்னா?"

மறுபடியும் தோள் அசைந்தது.

"என்னான்னு கேக்குறேன்ல?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி, என் முகத்துக்கு முன்னால் வந்து நின்றாள். "பாத்தீங்களா? ரெண்டு தடவ சொல்லிட்டேன். மெதுவாச் சொன்னேன்."

"எத?"

"என் சத்தம் போயிருச்சுன்னா ஒங்களோட எப்புடிப் பேசுறதுன்னு."

எனக்கு அடுப்பில் ரொட்டி கருகுவது தெரிந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

"பதினேழு வருசமாத் தெரியும்" என்றாள். "நிலக்ஷி ரெண்டாங் கிளாஸ் படிச்சா. ஒங்க பின்னாடி நின்னு அப்பா, அப்பான்னு கூப்புட்டா. நீங்க திரும்பல. அப்பாவுக்கு எம்மேல கோவம்னு புள்ள அழுதுச்சு. அன்னைக்குத்தான் அவகிட்டச் சொன்னேன், அப்பாகிட்ட முன்னாடி போயி சத்தமாப் பேசணும், வெளியில மூச்சு விடக்கூடாதுன்னு. அவரு மறைக்கிறாரு, நாம காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு."

"ஒனக்குக் கொரலே அப்புடித்தானேடி?"

"கல்யாணம் கட்டி வந்த புதுசுல ஒங்கம்மா என்னைய ஊமைச்சிம்பாங்க. மறந்துட்டீங்களா?" என்று சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. "ஒங்களுக்குக் கேக்கட்டும்னு போட்ட சத்தம்தாங்க, அப்புடியே நின்னுருச்சு. அதப் பாத்துட்டுத்தான் தொரை என்னையக் கங்காணியாப் போட்டாரு."

நான் வெளியே போய், தண்ணீர் கொட்டுகிற பீலிக் குழாய்ப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. கத்துகிற வம்சம் என்று எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன்! இரண்டு பேரும் சிரித்தார்களே, என்ன சிரிப்பு அது? பதினேழு வருஷமாக ஒருத்தி தன் தொண்டையை எனக்காகத் தேய்த்திருக்கிறாள். ஒருநாள்கூடச் சொல்லிக் காட்டவில்லை. அவள் போனை நான் கையோடு எடுத்து வந்திருந்தேன். பழக்க தோஷத்தில் ஒத்திலியாவைப் போட்டேன்.

திரையில் அவள் வந்தாள், உட்கார்ந்தாள், செருப்பைத் தள்ளினாள், சிகரெட்டை அணைத்தாள். எல்லாம் ரசித்துப் பார்த்தேன். பாட்டு பாதி போனபோதுதான் கவனித்தேன், போனில் சத்தம் முழுக்கக் குறைத்து வைக்கப்பட்டிருந்தது. அதுவரைக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

அப்போதுதான் அந்தப் புருஷனையும் நன்றாகப் பார்த்தேன். அவள் பாடும்போது இரண்டு தடவை அவனைக் காட்டுகிறார்கள். கூட்டம் முழுக்க அவளைப் பார்க்கிறது. அவன் மட்டும் அவளைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எழுந்து நின்று ஊரைச் சிரிக்க வைத்தவன்தான். ஆனால் அந்த மனுஷன் பயந்துபோய் இருந்தான். எனக்கு அந்தப் பயம் தெரியும். நாலு மாசம் அவள் இல்லாத வீட்டில் இருந்த மாதிரி இருந்திருப்பான். நாகு கத்தாத வீடு எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைக்கவே முடியவில்லை. இவள் தன் பயத்தை எனக்காகப் பட்டாள். நான் பட்டப்பெயருக்குப் பயந்து கிடந்தேன். நல்ல ஆம்பிளை!

மறுநாள் காலை ஸ்டோருக்குப் பொறுப்பான டீ மேக்கர் ஐயாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "ஐயா, எனக்குக் காது கேக்காது. பதினேழு வருசமா மறைச்சிட்டேன்" என்றேன், ரோலர் பக்கத்துப் பையன்கள் எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் காதில் கையை வைத்துக்கொண்டு, "என்னது?" என்றார்.

மறுபடியும் சொன்னேன்.

"அதச் சொல்லவா வந்த? எனக்கு எடது காது போயி பத்து வருசம் ஆச்சுப்பா" என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். ரோலரிலிருந்து என்னை எடுத்து, சத்தம் குறைந்த தூள் சலிக்கிற பக்கம் போட்டார். பட்டப்பெயரும் அன்று மாலைக்குள் வந்துவிட்டது. சிவசாமிதான் வைத்தான். வைத்தால் வைக்கட்டும்.

நிலக்ஷிக்கு நானே மெசேஜ் எழுதினேன், எழுத்துக் கூட்டி, அரை மணி நேரம். அவள் கொழும்பிலிருந்து ஓடிவந்தாள். கண்டியில் காதுக்குப் பார்க்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்துச் சோதித்தார்கள். காதுக்குள் மாவு மாதிரி எதையோ அடைத்து அச்சு எடுத்தார்கள். மெஷின் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்தச் சீட்டைக் கொண்டுபோய் நாகுவின் கையில் வைத்தேன்.

"ஒன் சத்தத்த நம்பி இருந்தவன் இனிமே மெஷின நம்பி இருக்கப் போறேன். நீ போயிக் கழுத்தக் காட்டு."

அவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சத்தியமாப் போட்டுக்குவீங்களா? பொட்டிக்குள்ள வச்சிர மாட்டீங்களே?" என்று கேட்டாள். மாரியம்மன் மேல் ஆணையிட்டேன். போகிறேன் என்றாள்.

ஆபரேஷன் அன்று தாலியைக் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, "நல்லாக் கேட்டுக்குங்க, கடைசித் தடவயா இருந்தாலும் இருக்கும்" என்றாள், வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி. பிறகு, "போயிட்டு வர்றேங்க" என்று ஒரு குரல் கொடுத்தாள். மலைக் குரல். தாதிப்பெண் பயந்து கையிலிருந்ததைக் கீழே போட்டாள். கதவு மூடியது. மூன்று மணி நேரம் நான் முழங்காலுக்கு நடுவில் கையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கட்டி முழுக்க வந்துவிட்டது, நரம்பு தப்பித்தது என்று டாக்டரம்மா சொன்னதாக நிலக்ஷி என் முகத்துக்கு நேரே சொன்னாள். ஆனால் அந்த நரம்பு களைத்துப் போயிருக்கிறதாம். பழைய சத்தம் வருமா, எவ்வளவு வரும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் எனக்குக் காது மெஷின் வந்தது. காதுக்குப் பின்னால் மாட்டி ஒரு பெண் எதையோ திருகினாள். உடனே உலகம் உள்ளே புகுந்துவிட்டது. அவள் பேனா தாளில் உரசுவது கேட்டது. என் சட்டை என் மேல் உரசுவது கேட்டது. ஆஸ்பத்திரிக்கு நடந்து வரும் வழியெல்லாம் என் செருப்புச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு, பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டு வந்தேன்.

நாகு தலையணையில் சாய்ந்திருந்தாள். கழுத்தில் வெள்ளைக் கட்டு. முகம் வாடியிருந்தது. என்னைக் கண்டதும் பழக்கப்படி நிமிர்ந்து உட்கார முயன்றாள். ஒரு கையால் கட்டிலைப் பிடித்து, மூச்சை இழுத்து, நெற்றி நரம்பு புடைக்க, எனக்குக் கேட்கட்டும் என்று வாயைப் பெரிதாகத் திறந்தாள். வந்தது காற்றும் கரகரப்பும் கலந்த ஒரு சின்னக் குரல்.

"சாப்புட்டீங்களா?"

அது எனக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தாள். கண் கலங்கிவிட்டது. மறுபடியும் மூச்சை இழுத்தாள், கழுத்துக் கட்டு விம்ம. நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துத் தலையணையில் சாய்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மெதுவாவே பேசு நாகு. எனக்குக் கேக்குது."